காது கொடுத்த சென்னியப்பன்

திருப்பூரில் எலாஸ்டிக் வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. மாநகராட்சிப் பலகையில் அதற்கு ஏதோ ஒரு தலைவரின் பேர் எழுதியிருக்கும், ஆனால் ஜட்டிக்கும் பாவாடைக்கும் எலாஸ்டிக் விற்கிற மருதாசலத்தின் கடை முனையில் வந்த நாளிலிருந்து தபால்காரரே அப்படித்தான் சொல்லுவார். அந்த வீதியில், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு அக்கடா என்று இருந்த ஐம்பத்தொரு வயதுச் சென்னியப்பனின் இரண்டு காதுகளும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கழன்று கையோடு வந்துவிட்டன. வலி இல்லை, ரத்தம் இல்லை, முற்றிய பூசணிக்காய் காம்பை விட்டு வருமே அப்படி வந்தன. காது இருந்த இடம் பணியாரச் சட்டியின் குழிபோல வழுவழுவென்று இருந்தது.

எல்லாம் ரொம்பப் பொருந்திப்போனதால் வந்த வினை. சென்னியப்பன் பனியன் துணி பின்னுகிற கம்பெனியில் ராத்திரி ஷிப்ட்காரர். இருபத்தாறு வருஷமாக எட்டு மிஷின்களுக்கு நடுவில் விடிய விடிய நின்று, விடிந்ததும் வீட்டுக்கு வந்து, குக்கர் விசிலுக்கும் பள்ளிக்கூட வேன் ஹாரனுக்கும் பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கிக்கும் ஊடே தூங்குகிற மாதிரி படுத்திருந்து, அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு பாட்டையாவது வேறு எந்தச் சத்தமும் குறுக்கே வராமல் முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று ஓர் ஆசையை யாரிடமும் சொல்லாமல் வளர்த்து வைத்திருந்தார். சின்னவளின் கல்யாணம் முடிந்த மறுவாரமே கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார். காது மிஷின் விற்கிற கடையில் ஒரு பெண் அவர் காதுக்குள் ரோஸ் கலர் பசையைப் பிதுக்கி, பல்லுக்கு நடுவில் ஒரு கட்டையைக் கடிக்கச் சொல்லி, அசையாமல் உட்கார வைத்து, பசை இறுகியதும் பிடுங்கி, அந்த அச்சை ஏதோ ஒரு தேசத்துக்கு அனுப்பினாள். நாற்பத்தைந்தாம் நாள் ஒரு டப்பா வந்தது. உள்ளே பாட்டு கேட்பதற்கென்றே பளபளவென்று இரண்டு கருவிகள், சென்னியப்பனின் காதுக்குள் இருக்கிற சந்து பொந்தெல்லாம் அப்படியே வார்த்து எடுத்த மாதிரி. இவர் காதைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காதிலும் அவை நுழையாது என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. சம்சாரம் நவமணி அதில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கருவாட்டுத் தலையாட்டம் இருக்குது என்றாள்.

மாட்டிக்கொண்ட உடனே வீதி அணைந்துபோனது. விளக்கை அணைத்த மாதிரிதான், டக்கென்று. அப்புறம் அவர் போனைத் தொட, இருபது வயதில் டீக்கடை ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டு வந்தது. வந்தது என்றால் வெறுமனே வரவில்லை. பாடுகிறவள் முதல் வரிக்கு முன்னால் இழுத்த மூச்சு வந்தது, வயலின்காரர்கள் பன்னிரண்டு பேரும் வில்லைத் தூக்கியபோது சட்டைக் கைகள் உரசியது வந்தது, தபலாக்காரரின் மோதிரம் தோலில் பட்ட சின்ன நங்கென்ற சத்தம் வந்தது, பின்னால் யாரோ ஒருவர் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றதுகூட வந்தது. சென்னியப்பன் மூன்று நாள் கழற்றவில்லை. நாலாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு நவமணி ஆறு தடவை கூப்பிட்டு, ஏழாவது தடவை கரண்டியைத் தட்டில் அடித்துக் காட்ட, அவர் அவசரத்தில் பிடுங்கினார். கருவி காதை விடவில்லை. காது தலையை விட்டுவிட்டது.

நவமணி பார்த்தாள். ரசம் ஆறுது, சாப்பிட்டுட்டு அதையப் பாருங்க என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காதுகளின் குணம் தெரிந்துபோனது. அவை எங்கே இருக்கின்றனவோ அங்கே நடப்பதெல்லாம் சென்னியப்பனுக்குக் கேட்கும். அவர் எங்கே இருந்தாலும் சரி, அவர் பக்கத்தில் இடியே விழுந்தாலும் சரி. பிரிட்ஜ்மேல் வைத்தால் நாள் முழுக்க பிரிட்ஜ் கேட்டது. சமையல்கட்டில் வைத்தால் கடுகு வெடித்தது. ஒரு தடவை மேஜைமேல் வைத்து மறந்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட, மறுநாள் காலை நவமணி, காதைக் கழட்டினா டப்பாவுல போட்டு மூடறதில்லையா, எறும்பு ஏறுது பாருங்க என்று திட்டினாள். எறும்பு ஏறியதை அவர் ராத்திரியே கேட்டிருந்தார். மூக்குக்கண்ணாடி நிற்க இடமில்லாமல் நழுவியதால் மருதாசலம் கடையிலிருந்து ஜட்டி எலாஸ்டிக் ஒரு முழம் வாங்கி, கண்ணாடிக் காம்பில் கட்டி, தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். வீதியில் இரண்டு நாள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், எலாஸ்டிக் வெள்ளை கலர் எடுப்பா இல்லீங்க, கறுப்பு போட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

மருதாசலம்தான் முதலில் கேட்டது. கருவி மாட்டிய காதைத் தன் காதுமேல் வைத்துப் பார்த்தார், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடி ஒரு பாட்டைக் கேட்டார், திறந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை வருசமாப் பாட்டுன்னு நினைச்சு நான் கேட்டதெல்லாம் பாட்டோட தோலுங்க என்று சொல்லிவிட்டு, இன்னொன்று கேட்டார். அப்புறம் பிளவுஸ் தைக்கிற திலகமணி வந்தாள், பால்காரர் வந்தார், வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், சித்த நேரம் காது கொடுங்க என்று. அந்த வார்த்தையைத் தமிழ்நாட்டில் அத்தனை பேரும் தினமும் சொல்கிறார்கள் என்றாலும் எலாஸ்டிக் வீதியில் மட்டும்தான் அதற்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சென்னியப்பன் முகம் கோணாமல் கொடுத்தார். யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அவருக்கும்தான் கேட்டது. சும்மா இருந்த இடத்தில் சங்கீதம், கசக்குமா?

கெட்டது திலகமணியால். அவள் ஒருநாள் பாட்டு முடிந்த பிறகு காதைக் கழற்றித் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு, ஜாக்கெட் கழுத்துக்குப் பட்டி வைத்துக்கொண்டே, தன் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். காது ஒன்றும் சொல்லவில்லை. குறுக்கே பேசவில்லை, உனக்கு மட்டுமா அப்படி என்று கேட்கவில்லை, கொட்டாவி விடவில்லை. அவள் இன்னொரு வார்த்தை சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் சொன்னாள். அந்த நேரத்தில் வீட்டில் படுத்துத் தூங்க முயன்றுகொண்டிருந்த சென்னியப்பன் திலகமணியின் மாமியார் பதினாலு வருஷமாக அடுப்பில் எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினாள் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டார். மறுநாளே வீதிக்குச் செய்தி போய்விட்டது. காது கொடுத்துக் கேட்க ஒரு நாதியில்லை என்று அதுவரை அலுத்துக்கொண்டிருந்த வீதிக்கு நாதி கிடைத்துவிட்டது, அதுவும் ஜோடியாக.

அதற்கப்புறம் பாட்டுக்காக யாரும் காது வாங்கவில்லை. ஒருத்தர் மூலத்தைப் பற்றிச் சொன்னார், ஒருத்தர் சாக்கடை அடைப்பைப் பற்றிச் சொன்னார், மருதாசலம் எலாஸ்டிக்கில் வரவர இழுவை குறைந்துவருவதைப் பற்றி ஒன்றரை மணிநேரம் சொன்னார், ஆளில்லாத நேரத்தில் அவர் வீட்டுக் கிளியும் வந்து உட்கார்ந்து ஏதோ சொன்னது. காது பொழுதன்றைக்கும் வீடு வீடாகப் போனது. ராத்திரி யார் வீட்டில் தங்குவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். வீதியில் சண்டை குறைந்தது, எல்லோர் முகத்திலும் மலச்சிக்கல் தீர்ந்த ஒரு தெளிவு வந்தது, பிள்ளையார் கோயில் பூசாரி மட்டும் வரும்படி போச்சு என்று கவலைப்பட்டார், அந்தக் கவலையையும் காதிடம்தான் வந்து சொன்னார்.

சென்னியப்பனுக்குத்தான் கஷ்டம். மிஷினில் ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள் சுற்றும், அதில் ஒன்று ஒடிந்தால் சத்தத்தில் ஒரு மயிரிழை மாறும், அந்த மயிரிழையைக் கேட்டு மிஷினை நிறுத்துகிறவர் என்றுதான் அவருக்குக் கம்பெனியில் மரியாதை. காது எலாஸ்டிக் வீதியில் மூலத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, இங்கே ஊசி ஒடிந்து, துணி நெடுகக் கோடு விழுந்து ரோல் ரோலாக வெளியே வந்தது. சூப்பர்வைசரிடம் காது கழன்றுபோன விஷயத்தைச் சொன்னார். யாருக்குங்க காது குத்தறீங்க, எனக்கெல்லாம் எப்பவோ குத்தியாச்சு என்று அவன் சொன்னது இவருக்குக் கேட்கவில்லை. உதட்டை வைத்து ஊகித்துக்கொண்டார். இன்னொரு ரோல் இப்படி வந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தான். பாட்டும் போச்சு, பொழப்பும் போகப் பார்த்தது.

நவமணி அன்றே காதை எந்த வீட்டிலிருந்தோ பிடுங்கிக்கொண்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு, ஊரில் குழந்தைகளுக்கெல்லாம் காது குத்துகிற நாச்சிமுத்து ஆசாரியிடம் போனாள். காதுக்கென்று வைத்தியம் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். ஆசாரி சென்னியப்பனின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குத்தின ஓட்டையில் கம்மல் போடாமல் விட்டால் தூர்ந்துபோவது மாதிரி இந்தக் குழியும் தூர்ந்துகொண்டு வருகிறது, வர்ற வெள்ளிக்கிழமைக்குள் வைத்தால் நிற்கும், அதற்குமேல் பிரம்மன் வந்தாலும் ஆகாது என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்குச் சின்னதுல காது குத்தினப்ப எந்த மாமன் மடியில உக்காந்தீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். அவருக்கு ஒரே தாய்மாமன், குழந்தைவேலு. அம்மாவுக்கும் அந்தத் தம்பிக்கும் இருபத்தைந்து வயது வித்தியாசம்; சென்னியப்பன் பிறந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் அந்த மாமன் பிறந்தார். அதனால் காதுகுத்துக்கு மடி கொடுக்க யாரோ ஒரு தூரத்துப் பங்காளியை உட்கார வைத்தார்கள்.

"அதான்," என்றார் ஆசாரி. "மாமன் மடியில உக்காராத காது இத்தனை வருசம் நின்னதே பெருசுங்க."

இதில் சிக்கல் என்னவென்றால் குழந்தைவேலு மாமனுடன் பதினொரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மாமன் பனியன் தொழிலாளர் சங்கத்தில் இருபது வருஷமாகச் செயலாளர், ஆள் ஐம்பது கிலோ, கோபம் மட்டும் தனியாக ஒரு ஐம்பது கிலோ. அவர் மகள் சடங்கு விருந்தில், பந்திக்கு வா மாப்ள என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். சென்னியப்பன் தூணோரமாக உட்கார்ந்து, காதில் மலிவு இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தாளத்துக்கு இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று தடவை கூப்பிட்டதற்கு மூன்று தடவையும் மாட்டேன் என்று தலையாட்டினவன் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று மாமன் அன்றைக்குச் சொன்னவர் சொன்னவர்தான்.

நவமணி சங்க ஆபீசுக்கே போனாள். மாமன் நிமிர்ந்து பார்க்காமல், காதைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போ, மொதல்ல நான் பேசணும் என்றார். கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள். மாமன் நாலு மணிநேரம் பேசினார். கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் பேசுவது மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுப் பேசினார். சென்னியப்பன் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். பதில் பேச வழியில்லை, கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கடைசியில் மாமனின் குரல் இறங்கி, பாட்டில் பாடகி மூச்சு இழுப்பாளே அதுபோல ஒரு மூச்சு இழுத்தது கேட்டது.

"உனக்குப் போட்ட எலை அந்தப் பந்தியில கடைசி வரைக்கும் காலியாவே கெடந்துச்சு மாப்ள. வேற யாரையும் உக்கார உடல நான். பதினொரு வருசமா என்ற கண்ணுக்குள்ள அந்த எலை காஞ்சுக்கிட்டுக் கெடக்குது."

சென்னியப்பன் கட்டிலை விட்டு எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயில் முன்னால் பந்தல். பிளக்ஸ் அடிக்கிற கடையில் காதணி விழாவுக்கென்று ஒரே ஒரு டிசைன்தான் இருந்தது. அதில் தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் உடம்பில் சென்னியப்பனின் மூக்குக்கண்ணாடி போட்ட முகத்தை ஒட்டி, காதணி என்பதை நடுவில் பிரித்து, காது அணி விழா என்று ஆக்கிவிட்டார்கள். தாய்மாமன் சீர் வந்தது, தட்டுகளை வீதிப் பெண்கள் பதினோரு பேர் தூக்கி வந்தார்கள். முதலில் மொட்டை என்று ஒரு கட்சி கிளம்பியது. சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, நாலு மயிரை மட்டும் கத்தரித்துப் பேருக்கு முடித்துக்கொண்டார். அப்புறம் எண்பத்து நாலு கிலோ மருமகன் ஐம்பது கிலோ மாமன் மடியில் உட்கார்ந்தார். மாமனின் முழங்கால் நடுங்கியது. நகர்ந்து உக்காருங்கோ மாமனுக்கு மூச்சு முட்டுது என்று நாலு பேர் சொன்னார்கள். இருக்கட்டும், என்ற பாரம், நான் சுமக்கறேன் என்றார் மாமன்.

காது குத்தும்போது பிள்ளை அழாமல் இருக்க வாயில் எதையாவது திணிப்பது வழக்கம். மாமன் சம்சாரம், முறைக்கு அத்தை, சென்னியப்பனைவிட ஒன்பது வயது சின்னவள், ஒரு முழுப் பூவம்பழத்தைத் திணித்தாள். பெரிய வாய்தான் என்று இன்னொன்றையும் திணித்தாள்.

ஆசாரி தாம்பாளத்தில் இருந்த காதுகளை எடுத்தார். அத்தனை வீடு ஏறி இறங்கி, அத்தனை சங்கதிகளைக் கேட்டுக் கேட்டு, அவை இரண்டும் ஊறின பணியாரம்போல உப்பி, எது எந்தப் பக்கம் என்றே தெரியாமல் இருந்தன. ஆசாரி விழித்தார். அப்போது மருதாசலம்தான் கவனித்தது: ஒரு கருவியில் சிவப்பாக ஒரு புள்ளி, இன்னொன்றில் நீலமாக ஒரு புள்ளி. இதுக்கு என்னமோ அர்த்தம் இருக்குமுங்களே என்றார்.

"இதுல என்ன சந்தேகம்," என்றார் குழந்தைவேலு மாமன், மருமகனின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி. "சிவப்புன்னா இடது."

பந்தல் முழுக்க ஆமா ஆமா என்றது. திருப்பூரில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னியப்பனுக்குத் தாம்பாளத்திலிருந்து எல்லாம் தெளிவாகக் கேட்டது. டப்பாவோடு வந்த தாளில், சிவப்பு வலது, நீலம் இடது, உலகம் முழுக்க அப்படித்தான் என்று போட்டிருந்ததை அவர் மூன்று தடவை படித்திருந்தார். ம்ம், ம்ம் என்று இடமும் வலமும் தலையை ஆட்டினார். பூவம்பழம் ஒரு வார்த்தைக்குக்கூட வழி விடவில்லை. பயப்படறான், கெட்டியாப் புடிச்சுக்குங்க என்றாள் அத்தை. மாமன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆசாரி சிவப்பை இடது பக்கம் வைத்து அழுத்தினார், நீலத்தை வலது பக்கம் வைத்து அழுத்தினார், டக், டக் என்று இரண்டும் உட்கார்ந்தன, பெண்கள் குலவை போட்டார்கள்.

சென்னியப்பன் இரண்டு பழத்தையும் மென்று விழுங்கி முடிக்க நேரம் பிடித்தது. முடித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, சிவப்பு வலதுங்க."

மாமன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார், "எந்த ஊருல?"

பந்தலில் யாருக்கும் ஓர் ஊர் பேர் சொல்லத் தெரியவில்லை. ஆசாரி இழுத்துப் பார்த்தார். மாமன் மடியில் வைத்த காது, அசையவில்லை. இப்போது கருவிதான் சுலபமாகக் கழன்று வந்தது. அதற்கப்புறம் எல்லோரும் பந்திக்குப் போனார்கள், மாமன் பக்கத்து இலையில் சென்னியப்பன் உட்கார்ந்தார், மாமன் இரண்டாம் தடவை பாயசம் வேண்டுமா என்று கேட்டபோது தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து, போடுங்க என்று சொன்னார்.

இடக்காது வலப்பக்கமும் வலக்காது இடப்பக்கமும் போனதில் இரண்டின் மடலும் பின்பக்கம் பார்த்து நின்றன. முன்னால் இருப்பது மசங்கலாகவும் பின்னால் இருப்பது கணீரென்றும் கேட்டது. வீதி இதற்கும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. சென்னியப்பன் ஒருத்தருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மரியாதையாகக் கேட்கிறார் என்று அர்த்தம், முகத்தைக் காட்டினால் போய்வாருங்கள் என்று அர்த்தம். கம்பெனியில் மிஷின்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஊசி ஒடிந்தால் முன்னைவிடச் சீக்கிரம் தெரிந்தது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை, அல்லது முன்னால் நின்று சொன்னான். வேலைக்குக் கிளம்பினால் வீதி ஜனம் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொண்டே பின்னால் வரிசையாக வந்தார்கள். புதிதாக அந்தப் பக்கம் குடிவந்தவர்கள் சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பாட்டு கேட்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. கெட்டுப்போயிருக்கும், தலைகீழாகக் கேட்கும், இத்தனை வருஷத்து ஆசை ஒரு பூவம்பழத்தில் போயிற்று என்று டப்பாவைத் திறக்காமலே வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீதியே பிரியாணி தின்றுவிட்டுப் படுத்திருக்கையில், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, இரண்டையும் மாட்டி, போனில் அந்தப் பழைய பாட்டைத் தொட்டார்.

வீதி அணைந்தது. பாட்டு ஆரம்பித்தது, முதுகுக்குப் பின்னால். அத்தனை நாளும் மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்ட மாதிரி கேட்டவர், இப்போது மேடையின் விளிம்பிலேயே, வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாடுகிறவள் அவர் பிடரிக்குப் பின்னால் மூச்சு இழுத்தாள். வயலின்கள் அவர் தோள்களுக்கு மேலாகப் போயின. அதற்கும் பின்னால், எல்லாருக்கும் கடைசியில், யாரோ ஒருத்தர் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே போய், இரண்டாம் சரணத்துக்குச் சற்று முன்னால் நூலில் தொங்கும் ஓர் இரும்பு முக்கோணத்தை ஒரே ஒரு தடவை தட்டினார். டிங். அவ்வளவுதான் அவர் வேலை, அந்தப் பாட்டு முழுவதற்கும். சென்னியப்பன் இந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருக்கிறார். இந்த டிங்கைக் கேட்டதில்லை.

பாட்டு முடிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. செருப்பில்லாத கால்கள் இரண்டு மெதுவாக நடந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"சார், என்னோடது கேட்டுச்சா?"

திரும்பினால் போய்விடும் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். திரும்பாமலே சொன்னார்.

"கேட்டுச்சுங்க. நல்லாக் கேட்டுச்சு."

அந்தக் கால்கள் வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போயின. கேட்டாராம், அவருக்குக் கேட்டுச்சாம் என்று யாரோ யாரிடமோ சொல்ல, அது வயலின்காரர்கள் பன்னிரண்டு பேரையும் தாண்டி, தபலாக்காரரைத் தாண்டி, பாடுகிறவள்வரை போனது. அவள் சிரித்தது கேட்டது. யாரோ, அப்போ இன்னொரு தடவை எடுத்துடலாமா என்றார்கள். வில்கள் மறுபடி உயர்ந்து சட்டைக் கைகள் உரசின. பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. சென்னியப்பன் போனைத் தொடவே இல்லை.